முப்பத்தெட்டு நொடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார்கள் என்று எழுதியிருந்தாயே, ஒத்துக்கொண்டதா? போனிலேயே கேட்டிருக்கலாம். நான் பேசத் தொடங்கியதும் நீ போனை அண்ணியிடம் நீட்டிவிடுவாய். அதனால் கடிதமே மேல்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி இங்கே நகர அரங்கில் என் புதிய இசையை வாசிக்கிறார்கள். இருபத்திரண்டு வாத்தியங்கள், நாற்பது நிமிடம். பெயர் 'பாய்லர் அறை'. எந்த பாய்லர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் காகித மில்லில் ஏழு பேர் போய் இரண்டு வருடம் ஆகிறது. விசாரணை ஆணையம் உட்கார்ந்து, எழுந்து, அறிக்கை கொடுத்து, அந்த அறிக்கை அலமாரிக்கும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்திருக்கிறேன்.

ஆணையத்தின் ஒலிப்பதிவுகளை இணையத்தில் போட்டிருந்தார்கள் அல்லவா, அவற்றிலிருந்துதான் எழுதினேன். மனிதர்கள் பேசும்போது குரல் ஏறும், இறங்கும், ஒரு சொல்லில் நிற்கும், இன்னொன்றில் ஓடும். சொற்களை நீக்கிவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு வாத்தியங்களுக்குக் கொடுத்தேன். மேனேஜரின் பேச்சு டிரம்பெட்டுக்கு. அதிகாரியின் கேள்விகள் வயலின்களுக்கு. அரங்கில் ஒரு சொல்லும் கேட்காது, ஒருவர் பெயரும் வராது. யாருக்கும் சங்கடம் இருக்காது.

ஐந்து டிக்கெட் இத்துடன் இருக்கிறது. முன்வரிசையில் வேண்டாம் என்றேன், அரங்கக்காரர்கள் கேட்கவில்லை. அவசியம் வா.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. அண்ணிக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது, டாக்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ ராத்திரி சாப்பிடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறாயா என்று கேட்கச் சொல்கிறாள்.

டிக்கெட் கிடைத்தது. மில் கேட்டில் காட்டினேன். "உங்க தங்கச்சி எந்தப் படத்துக்கு மியூசிக் போடுறாங்க?" என்று கேட்டார்கள். படம் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. என் திக்குவாய்தான் உனக்குத் தெரியுமே. ஐம்பத்தாறு வயதிலும் 'ம'வும் 'த'வும் சேர்ந்து வந்தால் வண்டி நின்றுவிடுகிறது.

நானும் அண்ணியும் வருகிறோம். யூனியன் செயலாளரும் வருகிறார். 'மைக்' என்று கூப்பிடுவோமே அவர்தான், மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். செத்துப்போன பாய்லர்காரரின் மனைவியும் அவள் அக்காவும் வருகிறார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று எழுது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர் கையை இறக்கிய பிறகா, அதற்கு முன்னாலா?

இன்னொன்று. ஆணையத்தில் சொன்னது கோர்ட்டில் செல்லாதாம். ஜூலையில் தொழிலாளர் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். பாய்லர்காரர் தூங்கிவிட்டார், அதனால்தான் வெடித்தது என்கிறது கம்பெனி. வால்வு ஒழுகுகிறது என்று நான் ரிஜிஸ்டரில் எழுதி, மேனேஜர் மேசையில் வைத்தேன். அந்த ரிஜிஸ்டர் அன்றைக்கு வெந்நீரில் கூழாகிவிட்டது என்கிறார்கள். இப்போது என் வாயை விட்டால் அதற்கு வேறு சாட்சி இல்லை. வாய்த்த சாட்சியைப் பார்த்தாயா.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் அரைமணி நேரம் காத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் இருந்தவரிடம் அண்ணி சொல்லிவிட்டுப் போனாளாம். கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு. நீங்கள் கிளம்பியபோது ஏழரை.

பரவாயில்லை. முழங்காலோடு அந்தப் படிக்கட்டு உனக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

இரண்டு பத்திரிகைகளில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் 'குரலற்றவர்களின் குரல்' என்று தலைப்பு. அந்த மாதிரித் தலைப்புகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வெட்டி வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோவிலும் ஒரு பகுதியைப் போட்டார்கள்.

உனக்கு எப்படி இருந்தது? பாய்லர்காரரின் மனைவி என்ன சொன்னாள்?

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

அரங்கு நன்றாக இருந்தது. நாற்காலிகள் வசதியாக இருந்தன. கொஞ்சம் குளிர். எல்லோரும் கஷ்டப்பட்டு வாசித்தார்கள். அந்தப் பெரிய வயலினைக் காலுக்கு நடுவில் வைத்து வாசித்தவர் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அவர் தனியாக வாசித்தபோது பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். அது சிரிக்க வேண்டிய இடமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இசை விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவன்.

அண்ணி தனியாக எழுதவில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கண்டேன். அண்ணிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அது சிரிக்க வேண்டிய இடமில்லை. புதிய இசையில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் சிலருக்கு என்ன செய்வதென்று தெரியாது, சிரித்துவிடுவார்கள். மாணவர்கள் கச்சேரியிலும் பார்த்திருக்கிறேன். நீ சொன்ன பெரிய வயலினுக்குச் செல்லோ என்று பெயர். அந்தச் செல்லோ பகுதி யாரோ ஒருவருடைய பேச்சு என்று நினைக்க வேண்டாம். பல சாட்சிகளின் தயக்கங்களைச் சேர்த்து எழுதியது. ஒரு எளிய மனிதன் பேச வருகிறான், அதிகாரம் அவனைப் பேசவிடாமல் அடிக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள்.

நல்ல செய்தி ஒன்று. இன்னும் மூன்று நகரங்களில் 'பாய்லர் அறை'யை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வழக்குக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் தங்கை


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ எழுதுவதை நிறுத்துகிறவன் இல்லை. உனக்கு எழுத்தில்தானே பேச்சு. ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரி என்று ஏதாவது இருந்தால் மறைக்காதே.

இரண்டு முறை போன் செய்தேன். அண்ணி எடுத்து, "அவர் வெளியில போயிருக்கார்" என்றாள். பின்னால் நீ இருமியது கேட்டது.

உன் தங்கை


மே 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு நான் எழுதியதே இல்லை. இன்றைக்கு இப்படித்தான் வருகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது மைக் தன் வழக்கப்படி சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். "அந்தப் பெரிய வயலின் பேசுனது நமக்குத் தெரிஞ்ச யாரோ மாதிரியே இல்ல? இருங்க, சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு விசிலடித்துப் பார்த்தார். பாய்லர்காரரின் மனைவி, "கொஞ்சம் சும்மா வர்றீங்களா" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த மனுஷனுக்கே புரிந்தது. பாவம், தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார். உன் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். அரங்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன், அவர் எடுத்துக்கொண்டார்.

ரேடியோவில் வந்த பிறகு மில்லில் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் அவர் நுழைந்தால் யாராவது ஒருவன் அதை விசிலடிக்கிறான். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல மெட்டாகப் போட்டுவிட்டாய், வாயில் ஒட்டிக்கொள்கிறது.

இப்போது அவர் கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார். எழுதிக் கொடுக்கிறேன் என்று யூனியன் வக்கீலிடம் கேட்டார். "எழுதிக் குடுத்தா குறுக்கு விசாரணை எப்படிப் பண்ணுவாங்க? நீங்க நேர்ல வந்து வாயால சொல்லணும்" என்றார் வக்கீல். இவர் எழுந்து வந்துவிட்டார்.

பல சாட்சிகளைச் சேர்த்து எழுதியது என்று அவருக்கு எழுதினாயாம். அந்தக் கடிதத்தை எனக்கும் படித்துக் காட்டினார். படிக்கும்போது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடித்து, மற்றக் கடிதங்களோடு வைத்துவிட்டார்.

ஆணையத்தில் அவர் சாட்சி சொன்ன அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். நீ இல்லை. கல்லூரியில் வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது உனக்கு. வால்வைப் பற்றி எத்தனை தடவை எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். இவருக்கு வரவில்லை. அதிகாரி பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "அவசரமே இல்ல, நீங்க சொல்லுங்க" என்றார். அவ்வளவு கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை. மேனேஜர் கூடத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் சொன்னார். "மூணு தடவை எழுதினேன்." முழுசாக. வீட்டுக்கு வந்து, நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "முடிச்சிட்டேன்ல?" என்று என்னிடம் கேட்டார்.

உன் இசையில் மூ, மூ என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. டிரம்பெட் வந்து அமுக்கிவிடுகிறது. அவரை அங்கே யாரும் அமுக்கவில்லை அம்மா. நீதான்.

அண்ணி


மே 15

அண்ணா,

அண்ணி எழுதியிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் உடம்பைப் பற்றிக் கேட்க இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

செல்லோ வாசித்தது உன்னை. உன்னை மட்டும்தான். பல சாட்சிகள் என்று எழுதியது பொய். அந்த வரியை எழுதும்போதே பொய் என்று தெரியும்.

இணையத்திலிருந்து பதிவுகளை எனக்காக இறக்கித் தந்த ஒலிப்பதிவாளரிடம், சாட்சிகள் தயங்கிப் பேசும் இடங்களை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். பதினான்கு துண்டுகள் அனுப்பினார். பெயர் கிடையாது, எண் மட்டும். ஆறாவது துண்டில் இரண்டாவது நொடியிலேயே உன் குரல் என்று தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். பொது ஆவணம்தானே, யாரும் எடுக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இசைக்கு அதைவிட நல்ல துண்டு அந்தப் பதினான்கில் இல்லை. அதுதான் உண்மை.

அது முப்பத்தெட்டு நொடி. அதற்குப் பிறகு பதிவில் என்ன இருக்கிறது என்று நான் போய்க் கேட்கவில்லை. ஏன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். நேரமில்லை என்று எழுதி அடித்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதி அதையும் அடித்தேன். அண்ணா, நீ முடித்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அரங்கில் சிரித்தவர்களுக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்போது கேட்கலாம் என்று தேடினேன். ஆணையத்தின் இணையதளமே இல்லை, எடுத்துவிட்டார்கள். ஒலிப்பதிவாளரும் வெட்டிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார். ரிஜிஸ்டரும் போய், பதிவும் போய், என்னிடம் இருப்பது நீ முடிக்காத அந்தப் பகுதி மட்டும்.

மூன்று நகரங்களுக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். திருத்தம் செய்கிறேன் என்றேன். முழுக்காரணத்தைச் சொல்ல எனக்கு அங்கேயும் தைரியம் வரவில்லை.

கோர்ட்டுக்குப் போ. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ போகாவிட்டால் பாய்லர்காரர் தூங்கியதாகவே பதிவாகும், அதை எழுதியவள் நானாக இருப்பேன்.

தங்கை


ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம்.

நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எனக்காக என்றால் தேவையில்லை. உனக்காக என்றால் உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாய்லர்காரரின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "அண்ணே, நீங்க வரலேன்னா எம் புருஷன் தூங்கித்தான் ஆறு பேரைக் கொன்னார்னு ஆயிடும். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல அதையும் கேட்டுட்டு வர்றா. விசிலெல்லாம் ரெண்டு மாசத்துல வேற பாட்டுக்குப் போயிடும்ணே" என்றாள். என்னுடைய கஷ்டம் எவ்வளவு பெரியது என்று அவள் அளந்து சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போகிறேன். ஜூலை 16, காலை பத்தரை, இரண்டாவது மாடி. வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அண்ணன்


ஜூலை 19

அண்ணா,

நான் வந்திருந்தேன் என்பது உனக்கு இப்போது தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

உன் கண்ணில் படக்கூடாது என்று கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீ கூண்டில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறினாய், முழங்கால் இன்னும் சரியாகவில்லை. முதல் கேள்விகளுக்குத் திக்கினாலும் நன்றாகச் சொன்னாய். பிறகு யூனியன் வக்கீல் எத்தனை தடவை என்று கேட்டார்.

கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். முழுசாக, கடைசிவரை. எவ்வளவு நேரம் ஆனாலும் அசையக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ 'மூ' என்று தொடங்கினாய். நீதிபதி காத்திருந்தார். உன் கழுத்து நரம்பு எனக்குத் தூணுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"மூணு தடவை" என்று ஒரு குரல் கேட்டது. கணீரென்று. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

சின்ன வயதில் டாக்டர் உன்னிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நான்தான் சொல்வேன். ஒரு தடவை வயிற்றில் என்று நான் சொல்ல, நீ காதைக் காட்டினாய். டாக்டர் எனக்கு மிட்டாய் கொடுத்தார். அதை உதவி என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வக்கீல் குதித்தெழுந்ததைப் பார்த்தேன். "சாட்சிக்குச் சொல்லிக் குடுக்குறாங்க ஐயா" என்றார். கோர்ட் டவாலி வந்து, "எந்திரிங்கம்மா, வெளிய வாங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்கள். தடித்த கதவு. காதை வைத்துப் பார்த்தேன், மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். டவாலி, "கெடுத்தது போதும், கிளம்புங்க" என்றார். கிளம்பிவிட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. உன்னிடமே கேட்கிறேன். என்னால் கெட்டுப்போனதா?

தங்கை


ஜூலை 31

தங்கச்சிக்கு,

நலம். நீ கவலையில் சாப்பிடாமல் கிடப்பாய் என்று அண்ணி சொல்கிறாள். சாப்பிடு.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போனதும் நீதிபதி, "அந்தப் பதில் வேண்டாம், அடிச்சிடுங்க. கேள்வியைத் திரும்பக் கேளுங்க" என்றார். வக்கீல் திரும்பக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூண்டில் நின்று சிரித்த சாட்சியை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு தொடங்கினேன். தட்டச்சு செய்கிற அம்மாள் மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லி முடித்தேன். முதல் தடவை என்ன எழுதினேன், இரண்டாவது தடவை என்ன, மூன்றாவது தடவை மேனேஜர் பக்கத்தைப் புரட்டிவிட்டு என்ன சொன்னார், எல்லாம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்தது கம்பெனி வக்கீலின் முறை. எழுந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "சத்தம் போட்டுட்டு வெளிய போனாங்களே, அந்த அம்மா யாரு?" என்பதுதான்.

யாரோ என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு ஒரே மூச்சில் வரும். 'தங்கச்சி' வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் உண்மை சொல்வதாகக் கைதூக்கியிருந்தேன். அதுவும் நேரம் எடுத்தது, அதுவும் சொல்லி முடித்தேன்.

அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். ஒரு பத்திரிகை நறுக்கைத் தூக்கிக் காட்டினார். "உங்க தங்கச்சியே உங்களை வச்சு ஒரு மியூசிக் போட்டிருக்காங்க. அதுல நீங்க சொல்ல முடியாமத்தானே நின்னீங்க? கூடப் பொறந்தவங்களுக்குத் தெரியாததா?"

யூனியன் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி, "பதில் சொல்றீங்களா?" என்று என்னைக் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

"அவ கடைசி வரைக்கும் கேக்கல ஐயா."

இதைத்தான் சொன்னேன். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். தீர்ப்புக்கு இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். என் சாட்சியத்தின் நகல் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொரு பக்கம். அந்த வாக்கியம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

எனக்கே ஆச்சரியம். அன்றைக்கு முழுவதிலும் அந்த ஒன்றுதான் திக்காமல் வந்தது.

அண்ணன்